20 டெஸ்லா காந்தம் வந்த பிறகும் ஈட்டர் பக்கமே நிற்க வேண்டுமா?

அருள்_கோவை

பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஈட்டர் இணைவு உலை என்று பேச்சு எடுத்தாலே “அணுக்கரு இணைவா, அது எப்போதும் முப்பது வருடம் தள்ளித்தான்” என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். பேச்சு அங்கேயே படுத்துவிடுகிறது. இந்த முறை அப்படி ஆகாமல் இருக்க, கேள்வியை, உலைக்குள் இணைவு நடக்கும் பிளாஸ்மாவை, அதாவது கொதிக்கும் மின்னூட்ட வாயுவை, பிடித்து வைக்கும் காந்தத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2021 செப்டம்பர் 5, விடிவதற்கு முன். எம்.ஐ.டி.யில் பத்து டன் வாக்கில் எடையுள்ள ஒரு காயில், அதாவது காந்தச் சுருள், 20 டெஸ்லா புலத்தைத் தொட்டது, சில மணி நேரம் அங்கேயே நின்றது. எம்.ஐ.டி.யும் அங்கிருந்து கிளைத்த காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸ் நிறுவனமும் சேர்ந்து செய்தது. மின்தடையே இல்லாமல் மின்னோட்டம் கடத்தும் மீக்கடத்தி நாடா 267 கிலோமீட்டர், 40,000 ஆம்பியர் மின்னோட்டம், 20 கெல்வின் (மைனஸ் 253 டிகிரி) குளிர். எம்.ஐ.டி.யின் இணைவு ஆய்வு மையத்தை அப்போது நடத்திய டென்னிஸ் வைட், ஒரே நாளில் இணைவு உலையின் ஒரு வாட்டுக்கான செலவு கிட்டத்தட்ட நாற்பதில் ஒரு பங்காகிவிட்டது என்று பின்னாளில் சொன்னார்.

ஏன் இவ்வளவு பெரிய பேச்சு? பிளாஸ்மாவின் அழுத்தத்துக்கும் காந்தத்தின் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் மாறாது என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டரில் கிடைக்கும் இணைவுத் திறன் புலத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். ஈட்டரின் பிளாஸ்மா மையத்தில் 5.3 டெஸ்லா. பாஸ்டன் பக்கம் டெவன்ஸில் அதே நிறுவனம் கட்டிக்கொண்டிருக்கும் ஸ்பார்க் உலையில் 12.2. அடுக்குப் போட்டுப் பாருங்கள், 28 மடங்கு வருகிறது. அதனால்தான் ஸ்பார்க்கின் பிளாஸ்மா ஈட்டருடையதில் நாற்பதில் ஒரு பங்கு அளவில் அடங்குகிறது.

ஈட்டரோ 2024-ல் கொடுத்த புதிய அட்டவணைப்படி டியூட்டீரியம்–டிரிட்டியம் எரிபொருள் கொண்ட சோதனையை 2039-க்குத் தள்ளிவிட்டது. 2005-ல் இருந்து இந்தியா அதில் பங்குதாரர். என் கருத்து இதுதான்: ஒப்புக்கொண்ட பொருட்களைக் கொடுத்து முடிப்போம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் ஓர் ஆளும் அங்கே போகக் கூடாது, எல்லாம் உயர்புலக் காந்தத்துக்குத் திரும்ப வேண்டும். பழைய தொழில்நுட்பத்தின் பின்னால் இன்னும் பதினைந்து வருடம் நிற்பது அநியாயம்.

சேகர்_ஸ்கேன்சர்வீஸ்

அருள், நான் 18 வருடமாக எம்.ஆர்.ஐ. மெஷின் சர்வீஸ். மீக்கடத்திக் காந்தத்தோடு தினமும் புழங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எத்தனை டெஸ்லா என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. நின்றுபோனால் எத்தனை நாளில் ஓடும் என்றுதான் கேட்பார்கள்.

ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கவனிக்காமல் ஸ்கேன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அது பறந்து போய் மெஷினின் வாயில் ஒட்டிக்கொண்டது. நல்ல வேளை, உள்ளே நோயாளி இல்லை. ஆனால் வார்டு பாய் ஒருவரின் கை இடையில் மாட்டியிருந்தது. வேறு வழியில்லை, காந்தத்தை உடனே அணைக்கும் குவென்ச் பட்டனை அழுத்தினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மொட்டை மாடிக் குழாயின் வாயில் இரண்டு விரல் கனத்துக்குப் பனி. சுற்றி இருந்த சுவரின் பெயின்ட் பாளம் பாளமாக வெடித்திருந்தது. உள்ளே 1,500 லிட்டருக்கு மேல் திரவ ஹீலியம் இருந்தது. ஒரு லிட்டர், 700 லிட்டருக்கும் மேலான வாயுவாக விரியும். அத்தனையும் ஓரிரு நிமிடத்தில் வெளியே. அந்த மெஷின் மறுபடி ஓட ஐந்து வாரம் ஆனது. அந்தப் பையனின் கை பிழைத்தது, அது போதும்.

இதில் காந்தத்தில் இருந்த ஆற்றல் சில மெகாஜூல்தான். ஈட்டரின் பிளாஸ்மாவைச் சுற்றி நிற்கும் வளையச் சுருள்கள் பதினெட்டிலும் சேர்ந்து இருக்கப்போவது 41,000 மெகாஜூல். மீக்கடத்தி ஓர் இடத்தில் சூடேறிச் சாதாரணக் கம்பியானால், அதுதான் குவென்ச், அத்தனை ஆற்றலும் அந்த ஓர் இடத்தைத் தேடி வரும். புலத்தை ஏற்றினால் இன்னும் மோசம். 20 டெஸ்லா தொட்டேன் என்பது ஒரு நாள் சாதனை. மின்நிலையம் என்பது வருடத்துக்கு 8,000 மணி நேரம். இந்த இரண்டுக்கும் நடுவில் என் போன்ற ஆட்கள் எத்தனை முறை ஸ்பேனரோடு போக வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள், அப்புறம் ஈட்டரை மூடலாம்.

அருள்_கோவை

சேகர் அண்ணா, அனுபவத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் எம்.ஆர்.ஐ. குவென்ச்சை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. உங்கள் மெஷினில் இருப்பது நையோபியம்–டைட்டானியம் கலவைக் கம்பி, 4 கெல்வினில் ஓடுவது. அந்தக் குளிரில் செம்பைச் சூடேற்ற வெப்பமே தேவையில்லை என்கிற அளவுக்கு அதன் வெப்ப ஏற்புத்திறன் விழுந்துவிடும். 20 கெல்வினில் அது எழுபது மடங்குக்கு மேல். உங்கள் காயிலில் ஒரு சுற்று மயிரிழை நகர்ந்தாலே குவென்ச் வரலாம். புதிய நாடாவில் அந்த மாதிரிச் சின்ன உரசல் எதையும் கிளப்பாது.

இன்னொன்று, எம்.ஐ.டி.யின் காயிலில் சுற்றுக்குச் சுற்று இன்சுலேஷனே கிடையாது. எஃகுத் தட்டில் சுருளாகப் பள்ளம் வெட்டி, நாடாக்களை அடுக்கி வைத்து, சால்டர் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். அப்படிப் பதினாறு தட்டுகள், தோசை அடுக்கினாற்போல. ஓர் இடம் கெட்டால் மின்னோட்டம் எஃகு வழியாகப் பக்கத்துச் சுற்றுக்குத் தாவிப் போய்விடும். வெடிக்காது, கொஞ்சம் சூடாகும். இன்சுலேஷன் இல்லாமல் இவ்வளவு பெரிய காயிலா என்று துறையில் பலர் நம்பாமல் இருந்தார்கள். அவர்கள் செய்து காட்டினார்கள்.

வைகை_மீனா

இரண்டு பேருமே பாதி சரி. எனக்கு இந்த நாடாதான் தினசரி வேலை. ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். அதனால் கையில் பிடித்துப் பார்த்ததைச் சொல்கிறேன்.

பழைய கேசட்டைப் பிரித்தால் வரும் டேப் நினைவிருக்கிறதா? அதே 4 மில்லிமீட்டர் அகலம், ஆனால் செம்பு நிறம். எடுத்து விரலில் சுற்றலாம், ஒன்றும் ஆகாது. அதையே பக்கவாட்டில், ஓலையை மடக்குகிற மாதிரி, கொஞ்சம் வளைத்தால் போயிற்று. உள்ளே இருப்பது ஒரு பீங்கான். 1986-ல் சூரிச்சில் பெட்நார்ஸும் முல்லரும் கண்டுபிடித்த குடும்பத்தைச் சேர்ந்தது. சில பத்து மைக்ரான் கனமுள்ள ஒரு நிக்கல் கலவைத் தகட்டின் மேல் அந்தப் பீங்கான் ஒன்றிரண்டு மைக்ரான்தான் படிந்திருக்கும். அதன் மேல் வெள்ளி, அப்புறம் செம்பு. அவ்வளவு மின்னோட்டமும் ஓடுவது அந்த மைக்ரான் அடுக்கில். சால்டர் வைக்கும்போது சூடு அளவு மீறினால் பீங்கானில் இருந்து ஆக்சிஜன் வெளியேறி, நாடா வீண். சேர்ந்த புதிதில் ஒரு வாரத்தில் ஒன்பது துண்டு இப்படிக் கெடுத்திருக்கிறேன். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. திரவ நைட்ரஜனில் முக்கி மின்னோட்டம் விட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும்.

அருள் சொன்ன எழுபது மடங்கு சரி. ஆனால் அதற்கு மறுபக்கம் உண்டு. பழைய கம்பியில் குவென்ச் வந்தால் நொடிக்குப் பல மீட்டர் பரவும். பரவுவதால் ஆற்றல் காயில் முழுக்கப் பிரிந்து போகிறது, வோல்ட்மீட்டரும் உடனே காட்டிவிடுகிறது. புதிய நாடாவில் அது சென்டிமீட்டர் கணக்கில் ஊரும். கிளம்புவது கடினம், கிளம்பிவிட்டால் ஒரே புள்ளியில் நின்று எரிக்கும், நாம் கவனிப்பதற்குள் அந்தப் புள்ளி உருகியிருக்கும். எதனால் இது உறுதியாக இருக்கிறதோ அதனாலேயே ஆபத்தாகவும் இருக்கிறது. இன்சுலேஷனை எடுத்துவிட்டதற்கு உண்மையான காரணம் இதுதான். 2021-ல் சாதித்தது எது என்று என்னைக் கேட்டால், 20 என்ற எண்ணைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அதே சோதனையின் கடைசியில் நடந்ததை அருள் விட்டுவிட்டார். மின்வழங்கலை வேண்டுமென்றே துண்டித்து, மோசமான நிலையில் காயில் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். ஒரு மூலை உருகியது. மற்ற பகுதி தப்பியது. எங்கே எவ்வளவு சேதம் ஆகும் என்ற அவர்கள் கணக்கோடு அது பெரும்பாலும் பொருந்தியது. 2024 மார்ச்சில் கட்டுரைகளாக எல்லாவற்றையும் வெளியிட்டார்கள். உருகியதையும் சேர்த்து வெளியிட்டார்கள் என்பதால்தான் எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

இயற்பியல்_வாத்தியார்

அருள் தம்பி, ஈட்டர் தாமதத்துக்கு அதன் காந்தம் காரணம் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். உண்மை நேர்மாறு. நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் இருந்தே இந்தத் திட்டத்தைப் பார்த்துவருகிறேன்.

ஈட்டரின் வளையச் சுருள் ஒவ்வொன்றும் 17 மீட்டர் உயரம், 360 டன். நையோபியம்–தகரக் கலவை. இதைக் கம்பியாகச் சுற்றிய பிறகு 650 டிகிரியில் நாட்கணக்கில் வேகவைத்தால்தான் மீக்கடத்தியாகும். வெந்த பிறகு கண்ணாடி போல நொறுங்கும். உலகத்தில் வருடத்துக்குப் பதினைந்து டன் அளவில் செய்துகொண்டிருந்த பொருளை நூறு டன் அளவுக்கு ஏற்றி, ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் இழை இழுத்தார்கள். நடுவே மையச் சுருளுக்கான கம்பி, சுவிட்சர்லாந்தின் வில்லிகனில் இருக்கும் சுல்தான் சோதனைக் கூடத்தில் ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டம் ஏற்றி இறக்கியபோது திறன் குறைந்துகொண்டே போனது. முறுக்கின் இடைவெளியைக் குறைத்துச் சரி செய்தார்கள். கயிறு திரிக்கிறவருக்குத் தெரிந்த சங்கதிதான், இறுக்கி முறுக்கினால் இழை அசையாது. அதைக் கண்டுபிடிக்கச் சில வருடங்கள் போயின.

ஆனால் சுருள்கள் வந்துவிட்டன. உதிரி ஒன்றையும் சேர்த்துப் பத்தொன்பதும் 2023 முடிவதற்குள் வந்து சேர்ந்தன. தாமதம் வந்தது வேறு இடத்தில். பிளாஸ்மா இருக்கப்போகும் வெற்றிடக் கலத்தின் துண்டுகள் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டிய விளிம்புகள் அளவு மாறியிருந்தன. காந்தங்களை வெப்பத்திலிருந்து காக்கும் கவசத்தின் குளிர்விப்புக் குழாய்களில் குளோரின் எச்சத்தால் வெடிப்பு வந்தது. இரண்டும் வெல்டிங், சுத்தம், அளவு சம்பந்தப்பட்ட பிரச்சினை. 20 டெஸ்லா காந்தம் இருந்திருந்தால் ஒரு குழாய் வெடிப்பாவது நின்றிருக்குமா?

நம் பங்குக்கு வருகிறேன். அந்த உலையைச் சுற்றி நிற்கும் 30 மீட்டர் அகலமான கிரையோஸ்டாட்டின் (குளிரைக் காக்கும் வெற்றிடக் கூண்டு) பாகங்கள் குஜராத்தின் ஹசிராவில் செய்து அனுப்பியவை. 3,850 டன். நாம் ஒன்பது சதவீதம் வாக்கில் பங்கு கொடுக்கிறோம், கிடைக்கும் அறிவோ முழுதும் பங்குதாரர் எல்லாருக்கும் உரியது. ஒரு தனியார் நிறுவனம் தன் காயிலின் சால்டர் கலவையை நமக்குச் சொல்லித் தருமா? கட்டுரை போடுவார்கள், அது சரி. வரைபடம் தருவார்களா?

அருள்_கோவை

சார், நீங்கள் சொன்ன இரண்டு தாமதங்களும் என் கட்சிக்குத்தான் சாட்சி. கலத்தின் விளிம்பு ஏன் அளவு மாறியது? ஒவ்வொரு துண்டும் 400 டன்னுக்கு மேல், வெல்டிங்கில் வளைகிறது. கொரியாவிலும் ஐரோப்பாவிலும் பிரித்துப் பிரித்துச் செய்தது. பழுது என்று எடுக்க வேண்டுமானால், தூக்கி வைத்த துண்டை மறுபடி குழியிலிருந்து தூக்கி வெளியே வைக்க வேண்டியிருக்கிறது, அப்படித்தான் செய்தார்கள். அளவே நோய். புலம் குறைவு, அதனால் உலை பெரிது. உலை பெரிது, அதனால் ஒரு தவறு நடந்தால் மூன்று வருடம். நான் பம்ப் பட்டறை வைத்திருக்கிறேன். எட்டு அங்குல இம்பெல்லரில் ஒரு தவறு என்றால் மறுநாள் புதிதாக வார்த்துவிடலாம். எண்பது அங்குலம் என்றால் அந்த மாதம் போயிற்று.

சீனாவைப் பாருங்கள். ஹெஃபேயில் இருக்கும் ஈஸ்ட் உலை முழுக்கப் பழைய வகை மீக்கடத்திதான், 2025 ஜனவரியில் 1,066 நொடி பிளாஸ்மாவைப் பிடித்துக் காட்டியது. அதே நாட்டில் ஷாங்காயில் ஒரு சின்ன நிறுவனம் 2024-லேயே முழுக்கப் புதிய நாடாவால் ஆன டோகமாக்கில் (ஈட்டர் மாதிரி வளைய வடிவ உலை) பிளாஸ்மா எடுத்துவிட்டது. அவர்கள் ஈட்டரிலும் பங்குதாரர்கள். ஆனால் ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைக்கவில்லை.

யாழ்_நிலவன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. புலம் கூடினால் மீகடத்தி தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கிற இரும்பு தாங்குமா? சுருளே தன்னைத் தானே வெளியே தள்ளும் என்று எங்கள் ஆசிரியர் பள்ளியில் சொன்ன ஞாபகம்.

வைகை_மீனா

நிலவன், இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது. உங்கள் ஆசிரியர் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

காந்த அழுத்தம் புலத்தின் இருமடியில் ஏறும். 20 டெஸ்லாவில் அது சுமார் 160 மெகாபாஸ்கல், அதாவது 1,600 வளிமண்டலம். கடலில் 16 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கினால் வரும் அழுத்தம். அவ்வளவு ஆழமான கடலே பூமியில் கிடையாது. இது காயிலின் முகத்தில் வரும் அழுத்தம் மட்டும். அதைத் தாங்கும் எஃகுக்குள் தகைவு இன்னும் பல மடங்கு. அதனால்தான் அந்தக் காயில் பத்து டன். அதில் நாடா கொஞ்சம், மீதியெல்லாம் எஃகு. மீக்கடத்தி எல்லையைத் தள்ளி வைத்துவிட்டது, இப்போது வாசலில் நிற்பது எஃகு. குளிரில் பலம் கூடுகிற, அதே சமயம் நொறுங்காத எஃகு தேவை. இந்தத் துறையில் நாடாவைப் பற்றி நூறு பேர் எழுதினால் எஃகைப் பற்றி ஒருவர் எழுதுகிறார். அது எனக்கு வருத்தம்.

அருளுக்கும் ஒரு வார்த்தை. நாற்பது மடங்கு சிறியது என்பது ஸ்பார்க்குக்குச் சரி. அது பத்து நொடி ஓடும் சோதனை உலை. மின்நிலையம் என்று வந்தால் கதை வேறு. இணைவில் வரும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு நியூட்ரானோடு போகிறது. ஒவ்வொன்றும் 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். நாடாவில் அவை பட்டால், முதலில் கொஞ்ச காலம் நாடா இன்னும் நன்றாகவே வேலை செய்யும். நுண்ணிய குறைகள் காந்தச் சுழல்களைப் பிடித்து நிறுத்துவதால் அப்படி. அதற்குப் பிறகு மீக்கடத்தும் வெப்பநிலையே இறங்க ஆரம்பிக்கும். ஆகவே பிளாஸ்மாவுக்கும் காயிலுக்கும் நடுவே நியூட்ரானைப் பிடிக்கும் லித்தியப் போர்வையும் கவசமும் சேர்ந்து ஒரு மீட்டர் வாக்கில் வேண்டும். நியூட்ரானுக்கு உங்கள் டெஸ்லா கணக்கு தெரியாது. 5 ஆனாலும் 12 ஆனாலும் அதே ஒரு மீட்டர். உலையை எவ்வளவு சுருக்கலாம் என்பதற்கு அது ஒரு தரைமட்டம் போட்டுவிடுகிறது. 2015-ல் எம்.ஐ.டி. மின்நிலையமாக வரைந்த ஆர்க் உலையில் பிளாஸ்மா வளையத்தின் ஆரம் 3.3 மீட்டர். ஸ்பார்க்கின் 1.85-ஐவிட ஏன் அவ்வளவு பெரிது என்றால் இது ஒரு முக்கியக் காரணம்.

சேகர்_ஸ்கேன்சர்வீஸ்

மீனா சொன்னதை நன்றாகப் புரிந்துகொண்டேன். இன்சுலேஷன் இல்லாத காயிலில் மின்னோட்டத்தை ஏற்ற நேரம் பிடிக்குமே? ஏற்றும்போது எஃகு வழியாக ஒழுகுமே?

வைகை_மீனா

பிடிக்கும், ஒழுகும். வளையச் சுருளுக்கு அது பரவாயில்லை. ஒருமுறை ஏற்றிவிட்டால் அப்படியே நிற்கிற காந்தம் அது. மையச் சுருள் அப்படியில்லை. பிளாஸ்மாவில் மின்னோட்டத்தைத் தூண்டுவதற்காக நொடிக் கணக்கில் ஏறி இறங்க வேண்டியது. அங்கே இந்தத் தந்திரம் செல்லாது. அதற்கு நாடாக்களைச் செம்புக்குள் முறுக்கி வைத்து இன்சுலேஷன் போட்ட வேறு கேபிள் செய்கிறார்கள். அதில் குவென்ச்சைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி இழையை உள்ளே ஓட்டிச் சூட்டை அளக்கும் முறையும் சோதித்திருக்கிறார்கள். ஆகவே 2021-ல் தீர்ந்தது ஒரு வகைக் காயிலின் பிரச்சினை. உலைக்கு மூன்று வகை வேண்டும்.

சேகர்_ஸ்கேன்சர்வீஸ்

அப்படியென்றால் என் பழைய கவலைக்கு வருகிறேன். காந்தம் கெடுவது பெரும்பாலும் நடுவில் இல்லை, ஜாயின்டில். ஜப்பானில் நாகாவில் ஜே.டி.60 எஸ்.ஏ. என்று ஒரு டோகமாக். 2021 மார்ச்சில் சோதனை ஓட்டத்தில் ஒரு சுருளின் முனை இணைப்பில் இன்சுலேஷன் போதாமல் தீப்பொறி பறந்தது. ஹீலியம் உள்ளே கசிந்தது. காயிலுக்கு ஒன்றும் இல்லை, முனையில் மட்டும்தான். முதல் பிளாஸ்மா வரும்போது 2023 அக்டோபர்.

அதற்கு முன்னால் ஜெனீவாவில், 2008 செப்டம்பர் 19. பெரிய துகள் முடுக்கியில் இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஓர் இணைப்பு சரியாகப் பற்றவில்லை. மின்தடை 220 நானோ ஓம் இருந்திருக்கலாம் என்று பிறகு கணக்கிட்டார்கள். 8,700 ஆம்பியர் ஓடும்போது அதில் வரும் சூடு எவ்வளவு என்று நானே பெருக்கிப் பார்த்தேன். 17 வாட்கூட இல்லை. நம் வீட்டு எல்.இ.டி. பல்பு. அந்தச் சூட்டில் இணைப்பு எரிந்து, ஆறு டன் ஹீலியம் சுரங்கத்துக்குள் கொட்டி, 53 காந்தங்களை மேலே தூக்கிப் பழுது பார்த்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் மெஷின் நின்றது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கையால் போட்ட ஒவ்வொரு ஜாயின்டும் ஞாபகத்துக்கு வந்தது.

உயர்புல உலையிலும் தட்டுக்குத் தட்டு, காயிலுக்குக் காயில் ஜாயின்ட் இருக்கும். அதற்கு என்ன பதில் அருள்?

அருள்_கோவை

அண்ணா, உங்கள் 17 வாட்டை வைத்தே பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். தவறு இருந்தால் மீனா திருத்தட்டும்.

40,000 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஜாயின்ட் 10 நானோ ஓம் என்று வையுங்கள். 16 வாட் வருகிறது, ஜெனீவாவில் வந்த அதே சூடு. ஆனால் அங்கே காந்தங்கள் 1.9 கெல்வினில் இருந்தன. இங்கே 20 கெல்வின். ஜெனீவாவைவிடக் குளிர் குறைந்த 4.5 கெல்வினிலேயே ஒரு வாட் சூட்டை வெளியே எடுக்க, கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், குறைந்தது 65 வாட் மின்சாரம் செலவாகும். இது கார்னோ எல்லை, யாராலும் மீற முடியாது. 20 கெல்வினில் 14 போதும். ஜாயின்டில் 16 வாட் வருவது இங்கே விபத்து இல்லை, திட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளக்கூடிய செலவு. அதனால்தான் ஆர்க் வரைபடத்தில் காயிலையே கழற்றி மாட்டுகிற மாதிரி ஜாயின்ட் போட யோசித்தார்கள். மேல் பாதியைத் தூக்கி, உள்ளே இருக்கும் கலத்தை மாற்றிவிட்டு, திரும்ப வைப்பது. ஈட்டரில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. நீங்கள் ஸ்பேனரோடு போக இடம் வைத்திருக்கிற டோகமாக் யோசனை அது.

வைகை_மீனா

பெருக்கல் சரி. கழற்றி மாட்டும் ஜாயின்ட் ஸ்பார்க்கில் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவ்வளவு பெரிய அளவில், அவ்வளவு விசையில், அதை இன்னும் யாரும் ஓட்டிக் காட்டவில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை அது. மிகவும் பயப்படுகிற யோசனையும் அதுதான். 1,600 வளிமண்டலம் தள்ளும் இடத்தில் போல்ட் போட்ட இணைப்பு, நானோ ஓம் கணக்கில் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இயற்பியல்_வாத்தியார்

தம்பி, அளவே நோய் என்று நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். அதில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 1990-களில் ஈட்டரை வரைந்தபோது கையில் இருந்த மீக்கடத்தியில் அதைவிடச் சிறிதாகக் கட்ட வழி இல்லை. இன்று வரைந்தால் யாரும் அப்படி வரைய மாட்டார்கள்.

ஆனால் ஆட்களைத் திருப்பி அழைக்க வேண்டும் என்பதில் நான் உடன்பட மாட்டேன். காந்திநகர் பக்கம் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் எஸ்.எஸ்.டி.-1 என்ற டோகமாக் இருக்கிறது. மீக்கடத்திச் சுருள்களோடு 2013-ல் பிளாஸ்மா எடுத்தது. அதற்கு முன்னால் பல வருடம், சேகர் சொன்ன அதே ஜாயின்ட், அதே ஹீலியக் கசிவு. சுருள்களைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சோதித்து மறுபடி கட்டினார்கள். அந்தக் கை அனுபவம் உள்ளவர்கள்தான் ஈட்டரின் குளிர்விப்புக் குழாய்களிலும் வேலை செய்கிறார்கள். மீனா எஃகைப் பற்றி வருத்தப்பட்டார். நியூட்ரான் தாங்கும் எஃகு ஒன்றை அதே நிறுவனமும் நம் கல்பாக்கம் ஆய்வு மையமும் சேர்ந்து உருவாக்கியிருக்கின்றன. ஈட்டரின் சோதனைப் போர்வைக்காகச் செய்தது அது. உலை பெரிதோ சிறிதோ, 12 டெஸ்லாவோ 5 டெஸ்லாவோ, உள்சுவருக்கு அந்த எஃகு வேண்டும். அங்கிருந்து ஆளை எடுத்தால் உங்கள் உயர்புல உலைக்குத்தான் நஷ்டம்.

அருள்_கோவை

சார், எஃகு விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. ஓர் ஆளும் போகக் கூடாது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். போர்வை, எஃகு, குளிர்விப்பு இந்த மூன்றிலும் நம் ஆட்கள் அங்கே இருக்கட்டும்.

ஆனால் மீதிக் கட்சியில் மாறவில்லை. நாடா செய்வது இன்று ஜப்பான், சீனா, அமெரிக்கா, ஐரோப்பா என்று சில நாடுகளின் சில கம்பெனிகள் கையில். ஒரு சோதனைக் காயிலுக்கே 267 கிலோமீட்டர். ஓர் உலைக்குப் பதினெட்டு காயில். ஈட்டருக்காக நையோபியம்–தகர இழை உற்பத்தி எப்படிப் பெருகியதோ அதேபோல இப்போது இது பெருகப் போகிறது. அந்த வரிசையில் நாம் இன்றே நிற்காவிட்டால் 2040-ல் நாடாவுக்குக் கையேந்த வேண்டும். 4 மில்லிமீட்டர் நாடாவை ஒரே தரத்தில் ஒரு கிலோமீட்டர் இழுக்க நமக்கு எத்தனை வருடம் ஆகும் மீனா?

வைகை_மீனா

எந்த நாட்டுக்கும் பத்து வருடத்துக்குக் குறையாமல் ஆகியிருக்கிறது. கண்டுபிடித்தது 1986, காயிலுக்குப் போதுமான நீளத்தில் நம்பகமாகக் கிடைக்க ஆரம்பித்தது 2010-களில். அதில் பாதிக் காலம், அடிப்பகுதித் தகட்டின் மேல் படிகங்களை ஒரே திசையில் அடுக்கக் கற்றுக்கொள்வதில் போனது. ஆனால் இப்போது வழி தெரிந்திருக்கிறது, நாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் ஒரு மீட்டர் துண்டுகளில் சில வீணாகும், எப்போதும் ஆகும். அதைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன், எங்கே எப்படிக் கெட்டது என்று காட்டுகிறேன்.

சேகர்_ஸ்கேன்சர்வீஸ்

போடுங்கம்மா. ஜாயின்ட் படமும் சேர்த்துப் போடுங்கள், சால்டர் போவதற்கு முன்னும் பின்னும். எத்தனை டிகிரியில் வைக்கிறீர்கள், எத்தனை நொடி, மேலே எவ்வளவு பாரம் வைத்து அமுக்குகிறீர்கள் என்பதும் வேண்டும்.